டுமாண்ட் டெலிவிஷன்: கோளாறு செட்டில் இல்லை

ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, "வெளியில சொட்டு மழை இல்ல. உங்க படத்துல மட்டும் ஏங்க இப்படிப் பெய்யுது?" என்றாள் மனைவி. லேப்டாப் திரையில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது 1951-ஆம் வருஷத்து நியூயார்க். ஏழ்மையான சமையலறை ஒன்று. குண்டான பஸ் டிரைவரும் அவர் மனைவியும் ரொட்டி வாங்கிவர யார் போவது என்று கத்திக்கொள்கிறார்கள். சண்டை முற்றி ஜன்னல் வழியே மாவு பறக்கிறது. கீழே நின்றிருந்த போலீஸ்காரர் தலையெல்லாம் வெள்ளையாக மேலே ஏறி வந்து நிற்கிறார். "இது நம்ம கதையில்ல?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். நான் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

டுமாண்ட் டெலிவிஷன் நெட்வொர்க். 1946-இல் தொடங்கி 1956-இல் மூடிய அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம். மூடி சுமார் எழுபது வருஷம் ஆன கடைக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். அதன் சரக்கு கொஞ்சம் இன்னும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு மாதமாக ராத்திரி ராத்திரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு காரணம், நான் முப்பது வருஷம் டி.வி. மெக்கானிக்காக இருந்தவன். "செட் கெட்டுப்போச்சு" என்று வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் செட் நன்றாகத்தான் இருக்கும். மாடியில் ஆண்டெனா கம்பி அறுந்திருக்கும், அல்லது ஒயரில் தண்ணீர் இறங்கியிருக்கும். டுமாண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் "மட்டமான செட், மட்டமான நிகழ்ச்சி, அதனால்தான் போண்டியானது" என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துத் தொடங்கினேன். கழற்றிப் பார்த்த பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது.

முதலில் முதலாளியைப் பற்றி. ஆலன் பி. டுமாண்ட் 1901-இல் புரூக்ளினில் பிறந்தவர். சின்ன வயதில் போலியோ. படுக்கையில் கிடந்த காலத்தில் அப்பா கொடுத்த வானொலிக் கருவியை நோண்டித்தான் தொழில் பிடித்தார். 1931-இல் நியூ ஜெர்சியில் தன் வீட்டிலேயே ஒரு பட்டறை போட்டார். முதலீடு 1,000 டாலர், அதில் பாதி கடன். அவர் கையில் எடுத்தது பிக்சர் டியூப். அன்றைக்கு அந்தக் கதோட் கதிர்க் குழாய் சில டஜன் மணி நேரம் எரிந்தாலே பெரிய விஷயம். அதை ஆயிரம் மணி நேரத்துக்கு ஓடவைத்தவர் இவர். டியூப் வீக்காகி முகமெல்லாம் வெள்ளி பூசியது போலத் தெரிந்த எத்தனையோ செட்டுகளுக்கு நான் பூஸ்டர் மாட்டி ஆறு மாதம் தள்ளியிருக்கிறேன். அதனால் இந்த ஒரு வரியைப் படித்ததும் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டேன். மிகைப்படுத்தவில்லை, நாற்காலி சத்தம் கேட்டு நாய் குரைத்தது.

1938-இல் முழுக்க எலக்ட்ரானிக்கில் இயங்கும் டி.வி. செட்டை அமெரிக்காவில் கடைச் சரக்காக விற்றார்கள். போருக்குப் பிறகு வந்த டுமாண்ட் செட்டுகளில் 'இன்புட்யூனர்' என்று சேனல் மாற்றும் டியூனர் ஒன்று. மற்றவர்களின் செட்டில் டக் டக்கென்று பன்னிரண்டு இடத்தில் நிற்கிற குமிழ் இருக்கும். அதன் கான்டாக்ட்டில் கருப்பு பிடித்துவிட்டால் படம் ஆடும். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துக் கொடுப்பேன். டுமாண்ட் குமிழ் ரேடியோ போல வழுக்கிக்கொண்டே போகும். இரண்டாம் சேனலிலிருந்து பதின்மூன்று வரை ஒரே ஓட்டம், நடுவில் எஃப்.எம். வானொலியும் மாட்டும். 1951-இல் 30 அங்குலத் திரையோடு ஒரு செட் போட்டார்கள். பெட்டியின் பெயர் ராயல் சாவரின். அதைத் தூக்கி மாடியேற்றிய கூலிக்காரர்களை நினைத்தால் எனக்கே முதுகு வலிக்கிறது.

அப்படியானால் நெட்வொர்க் எதற்கு? செட் விற்கத்தான். பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் பெட்டியை யார் வாங்குவார்? நியூயார்க்கில் அவர் நிலையத்தின் அழைப்புப் பெயர் டபிள்யூ.ஏ.பி.டி., கடைசி மூன்று எழுத்தும் அவர் பெயரின் முதலெழுத்துகள். வாஷிங்டனில் டபிள்யூ.டி.டி.ஜி., அவருடைய தலைமைப் பொறியாளர் தாமஸ் டி. கோல்ட்ஸ்மித்தின் பெயர். (இதே கோல்ட்ஸ்மித் 1947-இல் பிக்சர் டியூபில் ஏவுகணை விட்டு விளையாடும் ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டவர். வீடியோ கேம் என்கிற வார்த்தையே அப்போது கிடையாது. பேரனிடம் சொன்னேன், நம்பவில்லை.) 1946 ஆகஸ்டில் இரண்டு ஊரையும் கோஆக்ஸியல் கேபிளில் இணைத்து நெட்வொர்க் என்று பெயர் வைத்தார்கள். 1949-இல் பிட்ஸ்பர்க்கில் மூன்றாவது சொந்த நிலையம்.

இப்போது சரக்கு. நான் எதிர்பார்த்துப் போனது கோமாளித்தனத்தை. 'கேப்டன் வீடியோ' அதைக் குறைவில்லாமல் கொடுத்தது. விண்வெளிக் காவலர் ஒருவரின் கதை, அநேகமாகத் தினமும் நேரடி ஒளிபரப்பு. செட் சாமான் செலவுக்கு வாரம் 25 டாலர்தான் கொடுத்தார்களாம். பார்த்தாலே தெரிகிறது. கட்டுப்பாட்டு அறை முழுக்க அட்டையில் வரைந்த மீட்டர்கள், முள் எதுவும் அசையாது. கேப்டன் மூச்சு வாங்கிக்கொள்ள, திடீரென்று திரையில் பழைய கவ்பாய் படத் துண்டு ஓடும். அவர்களும் கேப்டனின் ஆட்களே, பூமியில் குதிரை மேல் வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு சமாதானம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் நான்காவது எபிசோடில் நான் அடுத்தது என்ன என்று தேட ஆரம்பித்திருந்தேன். கதாநாயகன் சொல்லை நம்பிப் பேசுகிறான். அட்டை அட்டையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அதே ஏழ்மை வேறொரு இடத்தில் அழகாக மாறியிருக்கிறது. 'ராக்கி கிங்' என்று ஒரு துப்பறியும் தொடர். ஒரு வாரம் கிரேஸ் கார்னி என்கிற நடிகைக்கு இரண்டு வேஷம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உடை மாற்ற நேரமில்லை. சரி, ராக்கியின் மனைவி மேபல் அடுத்த அறையிலிருந்து குரல் மட்டும் கொடுக்கட்டும் என்று விட்டார்கள். ஜனங்களுக்கு அது பிடித்துப்போய், தொடர் முடியும்வரை மேபல் முகத்தைக் காட்டவே இல்லை. ஒவ்வொரு வாரமும் கொலைகாரனைப் பிடித்த களைப்போடு ராக்கி மனைவியிடம் பேசுவார், அவள் எங்கிருந்தோ பதில் சொல்வாள். என் வீட்டில் நான் கேட்பதும் பெரும்பாலும் சமையலறைக் குரல்தான் என்பதால் எனக்கு இது நாடகமாகவே படவில்லை.

அப்புறம் ஆயர் ஃபுல்டன் ஷீன். செவ்வாய் ராத்திரி எட்டு மணி. எதிரே போட்டி நெட்வொர்க்கான என்.பி.சி.யில் மில்டன் பெர்ல், அன்றைக்கு அமெரிக்காவே சிரித்துக் கிடந்த ஆள். அந்த நேரத்தில் என்ன போட்டாலும் எடுபடாது, யாரையாவது நிற்கவைப்போம் என்று டுமாண்ட் 1952-இல் ஒரு கத்தோலிக்க ஆயரை ஒரு கரும்பலகையோடு நிற்கவைத்தது. கையில் குறிப்பு இல்லை. நீண்ட அங்கி, ஆழமான கண், அரைமணி நேரம் பேச்சு. பலகை நிறைந்துவிட்டால் இந்தப் பக்கம் நகர்ந்துகொள்வார். கேமரா அவரோடு திரும்பும், அதற்குள் ஒரு தேவதூதர் பலகையைத் துடைத்துவிடுவார் என்று சிரிப்பார். எம்மி விருது கிடைத்தபோது தனக்கு எழுதிக்கொடுத்த மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வருக்கும் நன்றி சொன்னார். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் ஏழெட்டுப் பேச்சு கேட்டுவிட்டேன். இதில் ஒரு வேடிக்கை: அவருக்கு விளம்பரதாரர் அட்மிரல் கம்பெனி, டுமாண்டுக்குப் போட்டியாக டி.வி. செட் செய்து விற்றவர்கள். தன் செட்டை விற்பதற்காகத் தொடங்கிய நெட்வொர்க்கில் எதிர்க்கடைக்காரன் செட் விளம்பரம் ஓடுகிறது. அந்தக் காசை வேண்டாமென்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை.

நான் பார்க்க முடியாததைப் பற்றியும் சொல்லவேண்டும். டிரினிடாட்டில் பிறந்த பியானோ கலைஞர் ஹேசல் ஸ்காட்டுக்கு 1950-இல் தனி நிகழ்ச்சி கொடுத்தது இந்த நெட்வொர்க். ஒரு கறுப்பினப் பெண் அமெரிக்க நெட்வொர்க் டி.வி.யில் தன் பெயரில் நிகழ்ச்சி நடத்தியது அதுவே முதல் தடவை. கம்யூனிஸ்ட் அனுதாபி என்று ஒரு பட்டியலில் அவர் பெயர் வர, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு முன்னால் தானாகவே போய் மறுத்தார். ஒரு வாரத்தில் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அடுத்த வருஷம் நடிகை அன்னா மே வாங் துப்பறிகிற ஒரு தொடர் வந்து போனது. இரண்டிலும் ஒரு எபிசோடுகூட மிஞ்சவில்லை. துணிந்து தொடங்குகிற குணமும், நெருக்கினால் விட்டுவிடுகிற குணமும் இந்தக் கடையில் ஒரே அலமாரியில் இருந்தன. ஹேசல் ஸ்காட் விஷயத்தில் அவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை.

படத் தரம்? மோசம். ஆனால் இதற்கு டுமாண்டைத் திட்டுவது நியாயமில்லை. வீடியோ டேப் இல்லாத காலம். நேரடி நிகழ்ச்சி ஓடும்போதே ஒரு டி.வி. திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் படம் பிடிப்பார்கள், அதற்குக் கினஸ்கோப் என்று பெயர். டி.வி. விநாடிக்கு 30 படம், ஃபிலிம் 24. இரண்டையும் சேர்த்துத் தைத்த இடத்தில் பட்டை விழும், ஓரம் வளையும், முகம் மாவாகும். கேபிள் எட்டாத ஊர் நிலையங்களுக்கு அந்தப் பிரதியைத் தபாலில் அனுப்புவார்கள், அங்கே அது இன்னொரு தடவை ஒளிபரப்பாகும். நகலின் நகல். இந்தத் தொல்லைக்கு டுமாண்ட் ஆட்களே ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள், எலக்ட்ரானிகாம். ஒரே லென்ஸ் வழியாக வருகிற ஒளியைப் பிரித்து, ஒரு பாதி டி.வி. கேமராவுக்கு, மறுபாதி 35 மி.மீ. ஃபிலிமுக்கு. பளிங்கு போன்ற படம். அதை வைத்து 1955-56-இல் எடுத்த 39 எபிசோடுகள் இன்றைக்கும் கண்ணாடியாக இருக்கின்றன: அதே பஸ் டிரைவர், அதே சமையலறை, 'தி ஹனிமூனர்ஸ்'. ஆனால் அது ஓடியது இன்னொரு போட்டி நெட்வொர்க்கான சி.பி.எஸ்.ஸில். பஸ் டிரைவராக நடித்த ஜாக்கி கிளீசனை டுமாண்ட் 1950-இல் 'கேவல்கேட் ஆஃப் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சிக்குக் கூட்டிவந்து ஆளாக்கியது. மருந்துக் கடைகள் கூட்டுச் சேர்ந்து விளம்பரம் கொடுத்த நிகழ்ச்சி அது. 1952-இல் சி.பி.எஸ். பெரிய தொகையைக் காட்டியது, அவர் போய்விட்டார். ஆளும் போய், கடைசியில் தன் கேமராவும் அடுத்தவன் நிகழ்ச்சிக்குப் போய்விட்டது.

சரி, மாடிக்கு ஏறுவோம். கம்பி எங்கே அறுந்தது?

1948-இல் புது நிலையங்களுக்கு உரிமம் தருவதை எஃப்.சி.சி. என்கிற ஒளிபரப்பு ஆணையம் நிறுத்திவைத்தது. அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, ஆறு மாதத்தில் சரிசெய்கிறோம் என்ற கணக்கில் தொடங்கியது 1952 ஏப்ரல் வரை இழுத்தது. அதுவரை நாடு முழுக்க 108 நிலையங்கள்தான். பல ஊரில் ஒன்று, சில ஊரில் இரண்டு. ரேடியோ காலத்திலிருந்தே அந்த நிலையக்காரர்களோடு உறவு வைத்திருந்தவர்கள் என்.பி.சி.யும் சி.பி.எஸ்.ஸும். ரேடியோ லாபத்தை டி.வி.யில் கொட்டவும் அவர்களால் முடிந்தது. டுமாண்டுக்கு ரேடியோவே கிடையாது. ஒரே ஒரு நிலையம் இருக்கிற ஊரில் அந்த நிலையக்காரர் எல்லா நெட்வொர்க்கிலிருந்தும் பொறுக்கிக்கொள்வார். டுமாண்டுக்குக் கிடைப்பது அவர் தட்டில் மிஞ்சிய நேரம்.

1952-இல் தடை நீங்கியபோது வந்த தீர்ப்புதான் உண்மையான அடி. பெரிய ஊர்களில் நாலு நெட்வொர்க்குக்கும் நாலு வி.எச்.எஃப். சேனல் (எல்லா செட்டிலும் வருகிற 2 முதல் 13 வரையான வரிசை) ஒதுக்குங்கள் என்று டுமாண்ட் தரப்பு ஒரு திட்டம் கொடுத்துப் பார்த்தது. ஆணையம் கேட்கவில்லை. அதே ஊரில் கொஞ்சம் வி.எச்.எஃப்., கொஞ்சம் யு.எச்.எஃப். என்று கலந்து பங்கு போட்டது. பின்னால் வந்தவர்களுக்கு 14-இலிருந்து 83 வரையான யு.எச்.எஃப். அன்றைய செட்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்த வரிசையே கிடையாது. தனியாகக் கன்வர்ட்டர் வாங்கவேண்டும், தனி ஆண்டெனா போடவேண்டும், அப்படியும் ஒரு குன்று குறுக்கே வந்தால் படம் போச்சு. யு.எச்.எஃப். அலை எவ்வளவு சோம்பேறி என்று மாடியில் வேகாத வெயிலில் நின்று கம்பி திருப்பியவனுக்குத்தான் தெரியும். கீழே இருந்து "வந்துச்சு, வந்துச்சு... போச்சு" என்று கத்துவார்கள். டுமாண்டுக்குப் பல ஊரில் கிடைத்த இடம் அது. எல்லா செட்டும் யு.எச்.எஃப். சேனலையும் பிடிக்கவேண்டும் என்ற சட்டம் 1962-இல் வந்தது. நோயாளி போய் ஆறு வருஷம் கழித்து வந்த மருந்து.

கூட்டாளி இன்னொரு கதை. 1930-களின் இறுதியில் பணம் போட்டு டுமாண்ட் கம்பெனியில் பங்கு வாங்கியது பாரமவுண்ட் சினிமா நிறுவனம். ஒருவர் ஐந்து நிலையத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. டுமாண்டிடம் மூன்று. பாரமவுண்ட் தரப்பிடம் லாஸ் ஏஞ்சலஸிலும் சிகாகோவிலும் ஒவ்வொன்று. பாரமவுண்ட்தான் உன்னை ஆட்டிவைக்கிறது, எனவே உன் கணக்கு ஐந்து முடிந்தது என்றது ஆணையம். அந்த இரண்டு நிலையமும் டுமாண்டுக்கு ஒரு நாளும் சொந்தமாகவில்லை. போதாக்குறைக்கு பாரமவுண்ட் தனியாக நிகழ்ச்சி செய்து நிலையங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. பிறகு ஏ.பி.சி. என்கிற இன்னொரு நெட்வொர்க்கோடு சேர்ந்துவிடலாம் என்று பேச்சு வந்தபோதும் பாரமவுண்ட் கையெழுத்துப் போடவில்லை. பங்காளிச் சண்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் என் சொந்தத்தில்கூட இல்லை.

மிச்சமிருந்த ஒரே துருப்புச் சீட்டு பிட்ஸ்பர்க். தடைக் காலம் முழுக்க அந்தப் பெரிய ஊரில் வேறு நிலையமே இல்லை. மற்ற நெட்வொர்க்குகளின் நிகழ்ச்சியும் அங்கே டுமாண்ட் வாசல் வழியாகத்தான் போகவேண்டும், அதைக் காட்டி வேறு ஊர்களில் இடம் பிடிக்கலாம். காசு தட்டுப்பாட்டில் அதை வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிக்கு 97.5 லட்சம் டாலருக்கு விற்றார்கள். அன்றைக்கு அது சாதனை விலை. கடன் அடைந்தது, பேரம் பேசும் வாயும் அடைந்தது. இந்த விற்பனைக்குக் கொஞ்சம் முன்னால், 1954 ஜூனில், நியூயார்க் 67-ஆம் தெருவில் 50 லட்சம் டாலரில் ஐந்து ஸ்டூடியோக்களோடு பிரமாண்டமான ஒளிபரப்பு மாளிகையைத் திறந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எல்லாப் பழியையும் ஆணையத்தின் மேல் போடுவதற்கு என் மனம் ஒப்பாததற்கு அந்தக் கட்டடமும் ஒரு காரணம்.

1955 ஏப்ரலில் கேப்டன் வீடியோ நின்றது, ஆயர் அதே மாதம் கடைசி நிகழ்ச்சி முடித்து ஏ.பி.சி.க்குப் போனார். 1956 ஆகஸ்ட் 6, செயின்ட் நிக்கலஸ் அரங்கத்துக் குத்துச்சண்டை. விரல்விட்டு எண்ணக்கூடிய நிலையங்களில் ஓடியது, அதோடு சரி.

பிறகு நடந்தது எனக்கு ஜீரணமாகவில்லை. சுமார் 20,000 எபிசோடுகள் ஒளிபரப்பிய நெட்வொர்க். இன்று ஆவணக் காப்பகங்களில் இருப்பது சுமார் 350. அங்கே நடித்திருந்த ஈடி ஆடம்ஸ் 1996-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் குழு முன்னால் சொன்னது: 1970-களில் கிடங்கில் இருந்த கினஸ்கோப்புகளை யார் பராமரிப்பது என்று தகராறு. ஒரு வக்கீல் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அதிகாலை இரண்டு மணிக்கு மூன்று லாரி வந்தது, ஏற்றிக்கொண்டு போய் நியூயார்க் விரிகுடாவில் கொட்டிவிட்டார்கள். என் பட்டறையை மூடும்போது பழைய பிக்சர் டியூப்களை எடைக்குப் போட மனமில்லாமல் இரண்டு வருஷம் வைத்திருந்தேன். கொசு வருகிறது என்று வீட்டில் சத்தம் போட்ட பிறகுதான் கொடுத்தேன்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: நிகழ்ச்சிகளுக்கு ஐந்தில் நான்கு. படத்துக்கு ஒன்று, அதுவும் எலக்ட்ரானிகாமுக்காக. வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்ததற்கு அரை. வாடிக்கையாளர் சேவை என்று பார்த்தால், பூச்சியம் போடலாமா என்று யோசித்தேன். 1954-இல் ராணுவத்துக்கும், கம்யூனிஸ்ட் வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்திக்கும் நடந்த விசாரணையை 36 நாள் தொடக்கம் முதல் முடிவு வரை நேரடியாகக் காட்டிய இரண்டு நெட்வொர்க்குகளில் இதுவும் ஒன்று. பெரியவர்கள் பகல் நாடக வருமானத்தை விட மனமில்லாமல் பின்வாங்கிய இடம். சரி, மூன்று.

பார்க்க நினைப்பவர்கள் இப்படிச் செய்யுங்கள். பெரிய டி.வி.யில் போடாதீர்கள், மழை பெரிதாகத் தெரியும். சின்னத் திரை, வெளிச்சத்தைக் குறைத்து, ஹெட்போனோடு. கேப்டன் வீடியோவை இரண்டாவதாக வையுங்கள், முதலில் பார்த்தால் மூடிவிடுவீர்கள். ஷீனை ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ராக்கி கிங்கில் துப்புத் துலக்குவது சுமார்தான், வேகமாக ஓட்டினாலும் நஷ்டமில்லை. ஆனால் கடைசி இரண்டு நிமிஷத்துக்கு வந்து நிறுத்துங்கள். கேஸ் முடிந்திருக்கும். ராக்கி நாற்காலியில் சாய்ந்திருப்பார். அடுத்த அறையிலிருந்து மேபல் கூப்பிடுவாள்.